பட்டாலையில் ஓர் இயற்கை அருங்காட்சியகம்: ஊர் மக்களோடு அறிவியல் பேச முழுமையான வழிகாட்டி

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துத் தெரு ஆச்சி ஒருவர் முறத்தில் எதையோ வைத்துத் துணியால் மூடிக்கொண்டு வந்தார். திறந்து பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மண்கூடு. இரண்டாங்கட்டில் கதவு மூலையில் குளவி கட்டியிருந்ததாம். "கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்னு எங்க அப்பத்தா சொல்லுவாங்க. நெசமா தம்பி?" என்று கேட்டார்.

கத்தி முனையால் கூட்டை மெல்லப் பிளந்தோம். முதல் அறையில் ஏழெட்டுச் சிலந்திகள் அசையாமல் கிடந்தன. அடுத்த அறையில் ஒரு வெள்ளைப் புழு, மிச்சமிருந்த சிலந்தியைத் தின்றுகொண்டிருந்தது. மூன்றாவதில் கூட்டுப்புழு. இந்த வகைக் குளவி சிலந்தியைக் கொட்டி மரத்துப்போகச் செய்து, அறைக்குள் அடைத்து, அதன்மேல் முட்டையிட்டு மண்ணால் மூடிவிடும். சின்னச் சட்டி மாதிரிக் கூடு கட்டுகிற இன்னொரு வகை, பச்சைப் புழுக்களைப் பிடித்து அடைக்கும். புழு உள்ளே போனதையும் குளவி வெளியே வந்ததையும் பார்த்தவர்கள்தான் அந்தப் பழமொழியைச் சொல்லியிருக்கிறார்கள். நடுவில் மண்சுவருக்குள் நடந்தது மட்டும் அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆச்சி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப பாதி நெசம்" என்றார்.

இயற்கை அருங்காட்சியகம் மக்களுக்குச் செய்ய வேண்டிய வேலை இதுதான் என்று நான் முழுதாக நம்புகிறேன். அதற்குப் பெரிய கட்டடமும் டைனோசர் எலும்பும் வேண்டியதில்லை. செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கிற ஒரு வீட்டின் முகப்போ, பட்டாலை என்கிற கூடமோ போதும். எங்கள் ஊரில் நாங்கள் செய்து பார்த்ததையும் பெரிய அருங்காட்சியகங்களிடம் கற்றுக்கொண்டதையும் வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: இருப்பவற்றைப் போய்ப் பாருங்கள்

நமக்குப் பக்கத்தில் புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. 1910-ல் தொடங்கியது. விலங்கியல், தாவரவியல், நிலவியல் பொருள்கள் அங்கே உண்டு. சென்னை போனால் எழும்பூர். அது 1851-லிருந்து இருக்கிறது. போகும்போது பொருள்களை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். ஓரிடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, வருகிறவர்களைக் கவனியுங்கள். எதன் முன்னால் நிற்கிறார்கள், எதைத் தாண்டிப் போகிறார்கள், பிள்ளை கேட்கிற கேள்விக்கு அப்பா என்ன பதில் சொல்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

சென்னை அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் இதை அன்றைக்கே கவனித்தார். அருங்காட்சியக வளாகத்தில் உயிருள்ள விலங்குகளை வைத்தபோது கூட்டம் திரண்டது. உடனே கர்நாடக நவாபிடம் பேசி, அவருடைய விலங்குகளையும் வாங்கிச் சேர்த்தார். 1855-ல் உருவான சென்னை விலங்குக் காட்சிச் சாலைக்கு அதுதான் விதை. இன்றைக்கு வண்டலூரில் இருப்பது அதன் தொடர்ச்சி. நாம் விலங்கு வளர்க்க முடியாது, வளர்க்கவும் கூடாது. ஆனால் உயிரோட்டமுள்ள ஏதாவது ஒன்று இருந்தால்தான் மனிதர்கள் நிற்பார்கள். எங்கள் பட்டாலையில் அது எருக்கஞ்செடித் தொட்டி. எருக்கிலையைத் தின்று வளர்கிற ஒரு பட்டாம்பூச்சியின் புழுக்கள் அதில் எப்போதும் இருக்கும். எருக்கின் நஞ்சு அவற்றின் உடம்பில் சேர்வதால் பறவைகள் அந்தப் பட்டாம்பூச்சியை ஒதுக்கிவிடும். புழு கூட்டுப்புழுவாகி ஒரு நாள் சிறகோடு வெளியே வருவதைப் பார்க்க, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழியில் தினமும் எட்டிப் பார்ப்பார்கள்.

இரண்டாம் படி: பொருளுக்கு முன்னால் கேள்விகளைச் சேருங்கள்

பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். முதலில் அலமாரி வாங்குவார்கள், அப்புறம் அதில் என்ன வைக்கலாம் என்று யோசிப்பார்கள். ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துக்கொண்டு டீக்கடை, ரேஷன் வரிசை, நூறுநாள் வேலை நடக்கிற கண்மாய்க்கரை என்று ஒரு மாதம் சுற்றுங்கள். "நம்ம ஊரு பூச்சி, செடி, பறவை, மண்ணு, இதுல உங்களுக்கு ரொம்ப நாளா தெரியாம இருக்கிறது என்ன?" என்று கேளுங்கள்.

எங்களுக்குக் கிடைத்தவற்றில் சில: சீமைக்கருவேலம் நிலத்தடித் தண்ணீரை உறிஞ்சிவிடுமா? மயில் முன்பு குன்றக்குடிப் பக்கம்தான், இப்போது எல்லா வயலிலும் நிற்கிறதே, எப்படி? பல்லி ஏன் விட்டத்திலிருந்து விழுவதில்லை? செம்பூராங்கல் என்கிற சிவப்புக் கல் வெட்டும்போது மென்மையாக இருந்து, வெயில் பட்டதும் இறுகுவது எதனால்? பாம்பு பழி வாங்குமா? ஊருணியில் பாசி ஒரு வருடம் பச்சையாகவும் ஒரு வருடம் செம்பட்டையாகவும் படர்வது ஏன்?

இந்த நோட்டுதான் உங்கள் அருங்காட்சியகத்தின் வரைபடம். ஒவ்வொரு கேள்விக்கும் கேட்டவர் பெயர், தேதி எழுதி வையுங்கள். பிற்பாடு அந்தக் கேள்விக்கான பொருளைக் காட்சிக்கு வைக்கும்போது, கேட்டவரை முதல் ஆளாகக் கூப்பிட வேண்டும். நேரில் போய்க் கூப்பிட வேண்டும்.

மூன்றாம் படி: இடம்

செட்டிநாட்டு வீட்டுக்கு ஒரு நல்ல குணம், முகப்புத் திண்ணை தெருவோடு சேர்ந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறி உட்கார யாருக்கும் கூச்சம் இருக்காது. பூட்டிய கதவுக்குப் பின்னால், டிக்கெட் கொடுக்கிற மேசைக்கு அப்பால் ஒரு காட்சிக்கூடம் இருந்தால், கூலி வேலைக்குப் போய்வருகிறவர் உள்ளே வரத் தயங்குவார். ஆகவே முதல் மேசையைத் திண்ணையிலேயே போடுங்கள். வளவின் (உள்கட்டின்) முற்றத்து வெளிச்சம் நுண்ணோக்கிக்கு ரொம்பவும் நல்லது. ஆனால் உலர்ந்த செடியும் பூச்சியும் நேர் வெயிலில் வெளுத்துப்போகும். அவற்றைப் பட்டாலையின் உள்பக்கம் வையுங்கள்.

வீடு ஒரே ஆளுடையதாக இருப்பது அபூர்வம். பங்காளிகள் சென்னையிலும் மலேசியாவிலும் இருப்பார்கள். எல்லாரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். முன்னோருக்குச் செய்யும் படைப்பு, கல்யாணம் என்று வீடு தேவைப்படும் நாள்களில் காலி செய்துகொடுப்போம் என்பதையும் அதிலேயே எழுதிவிட்டால் மனத்தாங்கல் வராது. வீடு கிடைக்காவிட்டால் ஊர் நூலகம், பள்ளிக்கூடத்தில் ஓர் அறை. அதுவும் இல்லையென்றால் ஒரு டிரங்குப் பெட்டி. வாரச் சந்தையில் பெட்டியைத் திறந்து வைத்து உட்கார்ந்தால், ஒரு காலைப் பொழுதில் பட்டாலைக்கு ஒரு மாதத்தில் வருகிறவர்களைவிட அதிகம் பேரைப் பார்க்கலாம்.

தீ விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். டெல்லியில் 1978-ல் திறந்த தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2016 ஏப்ரல் 26 அன்று எரிந்துபோனது. ரியோ டி ஜெனிரோவில் பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் 2018 செப்டம்பர் 2 அன்று எரிந்தது. அங்கே இருந்தவை சுமார் 2 கோடிப் பொருள்கள், பெரும்பகுதி போய்விட்டது. நம் வீடுகளோ பர்மா தேக்கு. பழைய வயரிங்கை மாற்றாமல் ஒரு விளக்குகூடப் போடாதீர்கள். தீயணைப்பு உருளை ஒன்றை வாங்கிக் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டி, எல்லாப் பொருளையும் படமெடுத்து வேறோர் இடத்தில் பத்திரப்படுத்துங்கள்.

நான்காம் படி: எதை வைப்பது, எதை வைக்கக் கூடாது

முதலில் கூடாதது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டு உயிர்களின் உடல், தோல், கொம்பு, பல், முட்டை எல்லாவற்றுக்கும் பொருந்தும். சங்கு, சிப்பி, பட்டாம்பூச்சிகளில்கூடச் சில வகைகள் பட்டியலில் இருக்கின்றன. யாராவது ஆர்வத்தில் தாத்தா காலத்து மான் கொம்பைக் கொண்டுவந்து கொடுத்தால், வாங்கி வைக்காதீர்கள். வனத்துறையிடம் கேட்கச் சொல்லுங்கள். பறவைக்கும் முட்டைக்கும் பாம்புக்கும் நல்ல புகைப்படம் போதும். சந்தேகம் வந்தால் வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.

வைக்கக்கூடியவையே நம்மைச் சுற்றி ஏராளம். சிவகங்கைப் பக்கம் பூமிக்கடியில் கிராஃபைட் இருக்கிறது. தமிழ்நாடு கனிம நிறுவனம் அதை வெட்டியெடுக்கிறது. அந்தக் கல் ஒரு துண்டு, பக்கத்தில் பிள்ளைகள் எழுதுகிற பென்சில், அதற்குப் பக்கத்தில் செத்துப்போன ஒரு செல்போன் பேட்டரியின் படம். மூன்றிலும் கிராஃபைட். காரைக்குடியில் 1953 முதல் இயங்கிவரும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் பேட்டரி ஆராய்ச்சி நடக்கிறது என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம். "அந்தக் காம்பவுண்டுக்குள்ள என்னதான் பண்றாங்க?" என்று பல வருடமாக பஸ்ஸிலிருந்து பார்த்தவர்களுக்கு ஒரு வாசல் திறக்கும். இந்த ஆய்வகம் சேர்ந்திருக்கிற சிஎஸ்ஐஆர் (அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழுமம்) நிறுவன நாளான செப்டம்பர் 26-ஐ ஒட்டி அதன் ஆய்வகங்கள் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவது வழக்கம். விசாரித்து, ஊரிலிருந்து ஒரு வேன் பிடித்துப் போய்வாருங்கள்.

செம்பூராங்கல் ஒன்று வையுங்கள். வெப்பமும் மழையும் மாறி மாறி அடிக்கிற நிலத்தில் பாறையின் சிலிக்கா கரைந்து போய், இரும்பும் அலுமினியமும் தங்கிவிடுகின்றன. சிவப்பு நிறம் இரும்பினுடையது; வீட்டு ஆணி துருப்பிடிப்பதோடு ஒப்பிட்டால் உடனே புரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறு. இடிந்த வீட்டிலிருந்து எடுத்த ஒரு தேக்குத் தூணின் குறுக்குவெட்டுத் துண்டு. வெப்பநாட்டு மரங்களில் ஆண்டு வளையம் தெளிவாகத் தெரிகிறவை குறைவு. தேக்கு அவற்றில் ஒன்று. மழை நன்றாகப் பெய்த வருடம் வளையம் அகலமாகும், பொய்த்த வருடம் குறுகும். விஞ்ஞானிகள் தேக்கு வளையங்களை வைத்துப் பழைய பருவமழையைக் கணக்கிடுகிறார்கள். ஆக, நம் வீட்டுத் தூண் ஒவ்வொன்றிலும் பர்மாவில் என்றோ பெய்த மழையின் கணக்கு இருக்கிறது. இதைச் சொன்னபோது, ரங்கூனில் வியாபாரம் செய்த குடும்பத்துப் பெரியவர் ஒருவர் அந்தத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு விரலால் ஒவ்வொரு வளையமாக எண்ண ஆரம்பித்தார். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

ஐந்தாம் படி: பதிவும் பாதுகாப்பும்

ஒவ்வொரு பொருளுக்கும் எண், ஊரார் அழைக்கிற பெயர், கிடைத்த இடம், தேதி, கொடுத்தவர். இந்த ஐந்தும் இல்லாத பொருள் அலங்காரத்துக்கு மட்டும்தான் உதவும். பால்பாயின்ட் மை மங்கிவிடும், பென்சிலால் எழுதுங்கள். செடிகளைச் செய்தித்தாளுக்கு நடுவில் அழுத்தி, தாளைத் தினமும் மாற்றி உலர்த்தி, 42க்கு 28 சென்டிமீட்டர் கெட்டி அட்டையில் ஒட்டுவது வழக்கம்.

முதல் வருடம் நாங்கள் ஐப்பசி அடைமழைக்கு முன்னால் எதையும் மூடி வைக்கவில்லை. கார்த்திகையில் பெட்டியைத் திறந்தபோது பாதி அட்டைகளில் பூஞ்சணம், மீதியில் பூச்சி. அழுகையே வந்துவிட்டது. அதற்கப்புறம், புதிதாக வருகிற உலர்ந்த செடி எதுவானாலும் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்து எடுத்துத்தான் மற்றவற்றோடு சேர்க்கிறோம். டப்பாக்களில் சிலிக்கா ஜெல் போடுகிறோம்.

ஆறாம் படி: விளக்க அட்டை எழுதுவது

பெரும்பாலான காட்சிக்கூடங்கள் மக்களை இழப்பது இங்கேதான். "காற்றுள்ள இடங்களில் வாழும், நான்கு கால்களையுடைய, பூச்சியுண்ணும் ஊர்வன வகை" என்று எழுதினால் யார் நிற்பார்கள்? எங்கள் பல்லி அட்டை இப்படி இருக்கிறது:

"விட்டத்தில் தலைகீழாக ஓடியும் இது ஏன் விழுவதில்லை? காலில் பசை இல்லை. விரலடியில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான மெல்லிய மயிர் நுனிகள் சுவரை நெருங்கித் தொடுகின்றன. தொடுகிற அந்த ஈர்ப்பே பல்லியைத் தாங்குகிறது. இன்றிரவு ட்யூப் லைட் பக்கத்தில், கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நிற்கிற பல்லியின் விரலை உள்ளிருந்து பாருங்கள்."

ஒரு கேள்வி, ஒரு விடை, வீட்டுக்குப் போய்ச் செய்ய ஒரு வேலை. இருபத்தைந்து முப்பது சொல்லுக்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது. பல்லிக்குக் கொஞ்சம் கூடிவிட்டது. எழுத்து பெரிதாக, ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் கண் உயரத்தில் இருக்கட்டும். எழுதியதை முதலில் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். கேட்கிறவர் "அப்படின்னா?" என்று எங்கே கேட்கிறாரோ, அந்த வரியை மாற்றுங்கள். ஊரார் அழைக்கிற பெயர் முதலில், அறிவியல் பெயர் பிறகு. நத்தைக்குத்தி நாரை என்ற பெயரே அது எதைத் தின்கிறது என்று சொல்லிவிடுகிறதே!

ஏழாம் படி: தொடவிடுங்கள்

"தொடாதே" என்ற பலகையை முடிந்தவரை எழுதாதீர்கள். டெல்லி அருங்காட்சியகத்தில் பிள்ளைகள் பொருள்களைக் கையிலெடுத்துப் பார்ப்பதற்கென்றே ஓர் அறை இருந்தது. நம் மேசையில் இலுப்பை விதை, பனங்காய் நார், கரையான் புற்று மண், கண்மாய் வண்டல், நத்தை ஓடு எல்லாம் இருக்கலாம். உடைந்தால் மறுபடி எடுத்துவரக் கூடியவையாக மட்டும் வையுங்கள். காகிதத்தில் மடித்துச் செய்கிற ஃபோல்ட்ஸ்கோப் நுண்ணோக்கி ஒன்று வாங்குங்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மனு பிரகாஷ் குழு உருவாக்கியது, சுமார் 140 மடங்கு பெரிதாக்கும். ஊருணித் தண்ணீர் ஒரு சொட்டு போதும். குடிக்கிற தண்ணீர் எடுத்த ஊருணியில் இத்தனை உயிரா என்று கேட்கும்போது, வடிகட்டுவது, கொதிக்க வைப்பது பற்றிய பேச்சு தானாக வரும்.

எட்டாம் படி: விளக்குகிறவர்கள்

எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கைந்து பேரைப் பழக்குங்கள். மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். ஆளுக்கு ஒரே ஒரு பொருளைக் கொடுத்து, ஒரு மாதம் அதோடு இருக்க விடுங்கள். வருகிறவரிடம் முதலில் கேள்வி கேட்கவும், விடை தெரியாவிட்டால் "எனக்குத் தெரியல, எழுதி வைக்கிறேன், அடுத்த வாரம் வாங்க" என்று தயங்காமல் சொல்லவும் பழக்குங்கள். இரண்டாவதுதான் கடினம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பிள்ளைகளுக்கு நாம் எங்கேயும் கற்றுத்தருவதில்லை.

அப்புறம், ஊரில் ஏற்கெனவே அறிந்தவர்கள் இருக்கிறார்கள். கண்மாயில் மீன் பிடிக்கிறவருக்குக் கெண்டையும் கெளுத்தியும் எந்த மாதம் எங்கே ஒதுங்கும் என்று தெரியும். பனையேறுகிறவருக்கு, ஆடு மேய்க்கிற அக்காவுக்கு, கரிமூட்டம் போடுகிறவருக்குத் தெரிந்தது புத்தகத்தில் இல்லை. சீமைக்கருவேலம் பற்றிப் பேசக் கரிமூட்டக்காரரையும் கண்மாய்ப் பாசன விவசாயியையும் ஒரே திண்ணையில் உட்கார வைத்தோம். ஒருவருக்கு அது சோறு, இன்னொருவருக்கு அது தண்ணீர் வரத்தை அடைக்கிற முள். அந்த மரம் அமெரிக்க நிலங்களிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த கதையை நாங்கள் சொன்னோம். மீதி எல்லாம் அவர்களே பேசினார்கள். அவர்கள் சொன்னதை அட்டையில் எழுதும்போது அவர்கள் பெயரோடுதான் எழுதினோம்.

ஒன்பதாம் படி: கொண்டுவரும் நாள்

மாதம் ஒரு ஞாயிறு, ஊரார் கண்டெடுத்ததைக் கொண்டுவரட்டும். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இந்த வேலையை நீண்ட காலமாகச் செய்துவருகிறது. மக்கள் கொண்டுவரும் கல்லையும் வண்டையும் பார்த்து அது என்னவென்று சொல்வதற்கே அங்கே ஆட்கள் உண்டு. உயிருள்ள பாம்பையும் பறவைக்குஞ்சையும் பிடித்துவரக் கூடாது, செல்போனில் படமெடுத்து வந்தால் போதும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். குளவிக் கூடு வந்தது அப்படி ஒரு நாளில்தான்.

பத்தாம் படி: அறையை விட்டு வெளியே

சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 1977-ல் அறிவிக்கப்பட்டது, 38.4 ஹெக்டேர். அங்கே கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. மார்கழி, தை மாதங்களில் பிள்ளைகளை அழைத்துப் போய், அந்த ஊர்க்காரர்களையே பேச வையுங்கள். நத்தைக்குத்தி நாரையின் அலகுகளுக்கு நடுவே ஓர் இடைவெளி தெரியும். குஞ்சுக்கு அது இருக்காது, வளர வளரத்தான் வரும். தொலைநோக்கியில் இரண்டையும் பார்த்து வித்தியாசத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பொங்கல் விடுமுறையில் குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பறவைகளை எண்ணி இ-பேர்டு என்கிற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால் போதும். சொந்த ஊருக்கு எல்லாரும் வந்திருக்கிற நேரம் அது. வெளியூரில் வளர்கிற பேரப்பிள்ளைகளும் உள்ளூர்ப் பிள்ளைகளும் ஒன்றாக எண்ணுவார்கள். அவர்கள் எண்ணியது ஆய்வாளர்களுக்கும் பயன்படும்.

பதினோராம் படி: நம்பிக்கைகளோடு பேசுவது

பாம்புப் பலகையை நாங்கள் மிகவும் யோசித்து வைத்தோம். புற்றுக்குப் பால் ஊற்றுகிறவரிடம் "இது மூடநம்பிக்கை" என்று தொடங்கினால் அவர் எழுந்து போய்விடுவார். போனால் அவர் உயிரைக் காக்கிற செய்தியும் அவருக்குப் போய்ச் சேராது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்பது ஆய்வு மதிப்பீடு. பெரும்பாலோர் கிராமத்து மக்கள். ஆகவே மரியாதையோடு தொடங்கி, நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் படத்தையும் காட்டி, ஒவ்வொன்றையும் அடையாளம் காணச் சொல்லிக்கொடுங்கள். கட்டுவிரியன் இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியும் தடயமும் இல்லாமல்கூடப் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, கண் இமை சொருகல் என்றால் உடனே மருத்துவமனை. கடிவாயைக் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, கயிறு இறுக்கிக் கட்டக் கூடாது. அசையாமல் படுக்க வைத்து 108-ஐ அழைக்க வேண்டும். இந்த நான்குக்கும் சேர்த்த விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் கிடைக்கும். இதை அட்டையில் எழுதுவதோடு நிறுத்தாமல், ஒரு பிள்ளையைப் படுக்க வைத்து நடித்துக் காட்டுங்கள்.

பன்னிரண்டாம் படி: கணக்கும் கதவும்

செலவு அதிகமில்லை. பெரிய செலவு வயரிங்கும் தீயணைப்பு உருளையும்தான். கட்டணம் வாங்காதீர்கள், உண்டியலும் வேண்டாம், உண்டியலைப் பார்த்ததும் காசில்லாத பிள்ளை திரும்பிவிடும். எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு, எத்தனை பேர் கேள்வி கேட்டார்கள், எத்தனை பேர் இரண்டாம் முறை வந்தார்கள் என்று எழுதுங்கள்.

நேரத்தைப் போர்டில் எழுதி, அந்த நேரத்தில் கட்டாயம் திறந்திருங்கள். எங்களுடையது ஞாயிறு காலை 9 முதல் 12. போன கார்த்திகையில் ஒரு ஞாயிறு கொட்டுகிற மழை. யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தும் திறந்து வைத்தோம். பதினோரு மணிக்கு, ஊருணிக்கரையில் அகப்பட்ட செம்பட்டைப் பாசியை ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்துக்கொண்டு, முழுக்க நனைந்து ஒரு பையன் படியேறி வந்தான்.